ஒரு மைக்ரான் சாய்ந்தால் 50 பிபிஎம்

நியோடிமியம் காந்தத்தில் 1 டெஸ்லா என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவி கட்டும்போது புலத்தின் வலு பெரிய தலைவலி இல்லை. அதன் சீர்மைதான் உயிரை எடுக்கும். இங்கே புரோட்டானின் அதிர்வெண் 42.58 மெகாஹெர்ட்ஸ். நிறமாலையில் கிரியேட்டின், கோலின் என்ற இரு சேர்மங்களின் உச்சிகளுக்கு இடையே சுமார் 8 ஹெர்ட்ஸ்தான். இரண்டும் பிரிந்து தெரிய, கோட்டின் அகலம் 2 ஹெர்ட்ஸுக்குள், அதாவது 0.05 பிபிஎம்முக்குள் (ஒரு பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும்.

முதல் எதிரி வெப்பம். டிகிரிக்கு 0.11 சதவீதம் புலம் குறையும். 0.01 டிகிரி நகர்ந்தாலே 11 பிபிஎம்; புரோட்டான் நிறமாலையின் மொத்த அகலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான்! வெப்பநிலை நிலைப்படாமல் ஷிம்மில், அதாவது புலத்தைச் சீராக்கும் திருத்தத்தில், கைவைப்பது வீண்வேலை.

அடுத்தது துருவத் தகடுகள், அதாவது காந்தத்தின் இரு துருவங்களில் எதிரெதிரே நிற்கும் தகடுகள். 20 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு பக்கம் ஒரு மைக்ரான் கூடினால் குறுக்கே 50 பிபிஎம் சரிவு. இதைத் திருகில்தான் சரிசெய்ய வேண்டும், மின்னோட்டம் பாயும் ஷிம் சுருளில் அல்ல. ஒரே பெட்டியில் வந்த காந்தக் கட்டிகளின் வலுவும் ஒன்றுபோல இருக்காது. ஒவ்வொன்றையும் அளந்து, வலுவில் நெருங்கியவற்றை எதிரெதிரே ஜோடி போடுங்கள்.

கடைசிக் கட்ட அளவீட்டுக்கு ஹால் புரோப் (காந்தப் புலத்தை அளக்கும் சிறு உணரி) போதாது. காப்பர் சல்பேட் கலந்த ஒரு துளி நீரைச் சிறு சுருளுக்குள் வைத்து, புள்ளி புள்ளியாக அதிர்வெண் எடுங்கள். மீதமுள்ள பிழையை மெல்லிய எஃகுத் தகடுகளால் குறைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் ஷிம் சுருள்களுக்கு விடுங்கள். சுருளில் மின்னோட்டம் ஏறினால் காந்தமும் சூடாகும். பழைய தொல்லை மறுபடி தொடங்கும்.