வீர மாயக்கதை நாவல்: உத்தியின் பெயரை மட்டும் சொன்னால் போதாது

தென்னாப்பிரிக்காவின் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு) ஆங்கிலம் ஹோம் லாங்குவேஜ் இரண்டாம் தாளில் நாவல் கட்டுரைக்கு 25 மதிப்பெண். உள்ளடக்கத்துக்கு 15, அமைப்புக்கும் மொழிக்கும் 10. டர்பன் பிள்ளைகள் பலர் கோட்டைவிடுவது அந்தப் பதினைந்தில்தான். 'இங்கே முன்னுணர்த்தல் (பின்னால் வரப்போவதை முன்பே சூசகமாகக் காட்டுவது) வருகிறது' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குத் தாவிவிடுகிறார்கள். அந்த உத்தி கதையில் என்ன வேலை பார்க்கிறது என்று காட்டினால்தான் மதிப்பெண் ஏறும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கதைப்பின்னல், பாத்திரம், களம், நோக்குநிலை, கருப்பொருள் ஆகியவை கூறுகள். எந்த நாவலிலும் இருந்தே தீரும். முன்னுணர்த்தல், குறியீடு, முரண்நகை (எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக நடப்பது) எல்லாம் உத்திகள்; ஆசிரியர் வேண்டிய இடத்தில் எடுத்தாள்பவை.

பழகிப் பார்க்க 1937இல் வந்த 'தி ஹாபிட்' நல்ல நூல். (இதன் ஆசிரியர் டோல்கீன் 1892இல் நம் ப்ளூம்ஃபொன்டைனில் பிறந்தவர்தான், அதை எழுதினால் அரை மதிப்பெண்கூட வராது.) 12ஆம் அத்தியாயத்தை எடுங்கள். கதாநாயகன் பில்போ புகழப் புகழ, ஸ்மாக் என்ற டிராகன் பெருமை தாங்காமல் புரண்டு, மணிகள் பதிந்த தன் வயிற்றைக் காட்டுகிறது. இடது மார்பில் ஓரிடம் மட்டும் வெறுமையாக இருப்பதைப் பில்போ பார்த்துவிடுகிறான். திரும்பி வந்து தோழர்களிடம் அவன் சொல்வதை ஒரு பறவை ஒட்டுக்கேட்கிறது. எரிச்சலில் அதன்மேல் கல்லும் எறிகிறான். 14ஆம் அத்தியாயத்தில் அதே பறவை சொன்ன குறிப்பால்தான் வில்வீரன் பார்டின் கறுப்பு அம்பு அந்த இடத்தில் பாய்கிறது. இதில் முன்னுணர்த்தல் உண்டு, கல்லெறிந்ததில் முரண்நகை உண்டு. டிராகனைக் கொன்றது அதன் தற்பெருமைதான் என்று கருப்பொருளோடு முடிச்சுப் போட்டால் பத்தி நிறைவாகும்.

கதைசொல்லியையும் கவனியுங்கள். ஆறடிக் கூத்தில் (நம் ஊர்த் தெருக்கூத்து) கட்டியங்காரன் சபையைப் பார்த்துப் பேசுவதுபோல, இவரும் நடுவே வாசகரிடம் பேசுவார். ஆபத்தான இடத்திலும் நகைச்சுவை தங்குவது அதனால்தான்.

படிக்கும்போதே நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: அத்தியாயம், நிகழ்ச்சி, உத்தி, அதன் பயன். நான்காவது காலியாக இருந்தால் அந்தக் குறிப்பைக் கட்டுரைக்குள் கொண்டுவராதீர்கள். 400 முதல் 450 சொற்களுக்குள் மூன்று கருத்துக்குத்தான் இடம். கதைச்சுருக்கம் எழுதினால் அதுவும் போய்விடும்.

படம் பார்த்துவிட்டு எழுதுவது இன்னொரு ஆபத்து. இந்த நூலில் பில்போ கண்டெடுக்கும் மோதிரம் பெரும்பாலும் ஆளை மறைக்கும் ஒரு கருவி, அவ்வளவுதான். உலகையே ஆளும் தீய சக்தியாக அது விரிவது பின்னால் வந்த நூல்களில்.