பூட்டுப் படத்தை நம்பிய நாள்

சுங்கை சிப்புட்டில் கைத்தொலைபேசி பழுது பார்ப்பது என் தொழில். திரை மாற்றுவேன், பேட்டரி போடுவேன். சுற்றுத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் அதோடு நிறுத்துவதில்லை. "தம்பி, இந்த மெசேஜ் உண்மையான்னு பாரு" என்று போனை நீட்டுவார்கள். அதற்குக் கூலி கிடையாது. அதனாலோ என்னவோ, என் கவனமும் பாதிதான் இருந்தது.

எழுத்துப்பிழை இருக்கிறதா, முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதா. இந்த இரண்டைத்தான் எல்லோருக்கும் சொல்லிவந்தேன்.

ஒருநாள் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் வந்தார். கொஞ்சம் பிட்காயின் வாங்கி வைத்திருப்பவர். மலேசியப் பத்திர ஆணையத்தில் பதிவு பெற்ற தளத்தில்தான் கணக்கு. புதிய கருவியிலிருந்து யாரோ நுழைந்திருக்கிறார்கள், 30 நிமிடத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் கணக்கு முடங்கும் என்று அந்தத் தளத்தின் பெயரில் மின்னஞ்சல். சுத்தமான மலாய், நான் எழுதினால் அவ்வளவு சரியாக வராது. அதிலிருந்த இணைப்பை அமுக்கி, கடவுச்சொல்லை வீட்டிலேயே அடித்துவிட்டார். அடுத்து, கணக்கில் நுழையும்போது கடவுச்சொல்லோடு கேட்கும் 6 இலக்க எண்ணைக் கேட்டது. அதற்குள் திரையின் கீழ்ப்பாதி உடைந்துபோனதால் அமுக்க முடியவில்லை.

பூட்டு இருந்தது. "சரிண்ணே, உண்மைதான் போல" என்று சொல்லிவிட்டுத் திரையைக் கழற்றினேன்.

புதுத் திரை போட்டுச் சோதிக்கும்போதுதான் முகவரியை முழுசாகப் படித்தேன். தளத்தின் பெயர் முன்னால் இருந்தது. அதற்குப் பின் ஒரு புள்ளி, அப்புறம் சம்பந்தமே இல்லாத வேறு பெயர். தொடக்கத்து https:// போக, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால், .com போன்ற முடிவோடு கடைசியாக நிற்கும் பெயர்தான் சொந்தக்காரர். லயத்து வீட்டுக் கதவில் துரை பெயரை எழுதினால் அது பங்களா ஆகிவிடுமா? பூட்டுக்கு அர்த்தம், வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே. மறுமுனையில் இருப்பது திருடனா என்று அது சொல்லாது. அந்தச் சான்றிதழ் திருடனுக்கும் இலவசமாகக் கிடைக்கும்.

அந்த 6 இலக்கம் 30 விநாடிக்கு ஒருமுறை மாறுமே, அதற்குள் என்ன செய்ய முடியும் என்று கேட்டார். நாம் அடித்த நொடியே அதை உண்மையான தளத்தில் போட அங்கே ஒரு நிரல் காத்திருக்கும். வங்கிப் பணம் போனால் மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997-க்கு உடனே அழைத்துத் தடுக்கப் பார்க்கலாம். பிட்காயின் வேறொருவரின் டிஜிட்டல் பணப்பைக்குப் போய்ப் பதிவாகிவிட்டால் அதைத் திருப்பிவிட எந்தக் கிராணியும் இல்லை.

மின்னஞ்சலை விட்டுவிட்டு, செயலியை நேராகத் திறந்தோம். அதில் எந்த எச்சரிக்கையும் இல்லை. கடவுச்சொல்லை மாற்றி, மற்றக் கருவிகளையெல்லாம் வெளியேற்றினோம். காசு அப்படியே இருந்தது.

"என் பேரெல்லாம் சரியா போட்டிருந்தானே" என்றார். 2025 மே மாதம் காயின்பேஸ் என்ற அமெரிக்கப் பிட்காயின் வர்த்தகத் தளம் வெளியிட்ட செய்தியைச் சொன்னேன். அதன் வாடிக்கையாளர் சேவை ஆட்களுக்கே திருடர்கள் லஞ்சம் கொடுத்து, ஏறக்குறைய 70,000 பேரின் விவரங்களை எடுத்திருந்தார்கள். பெயர் தெரிவது பெரிய விஷயமே இல்லை.

இப்போதெல்லாம் யார் போனை நீட்டினாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நீங்களா போய்த் திறந்தீங்களா, அவங்க அனுப்பினதை அமுக்கினீங்களா?"

திரைக்கு 150 வெள்ளி சொன்னேன். அதிகம் என்று முகம் சுளித்தார். நான் 'உண்மைதான் போல' என்றது நினைவுக்கு வர, 20 வெள்ளி குறைத்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.