நேட்டாலுக்குப் போன சின்னத் தாத்தாவைத் தேடியபோது

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி ஒருவர் கப்பலேறிப் போய்த் திரும்பவில்லை என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கே போனார், எந்த ஆண்டில் போனார், போன இடத்தில் என்ன ஆனார் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. பெரியவர்கள் அவரை ‘மொரீசுக்குப் போனவர்’ என்றே சொல்லிவந்தார்கள். அந்தப் பேச்சை நம்பி மொரீஷியஸ் ஆவணங்களுக்குள் இறங்குவதற்கு முன்பு, வீட்டுக் காகிதங்களில் அவரைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பார்த்துவிட எண்ணினேன். இந்தத் தேடலில் நான் எடுத்த முடிவுகளில் மிகவும் பயன்பட்டது அதுதான்.

பெட்டியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை நிலவரி ரசீதுகளும் கடன் சீட்டுகளும்தாம். அவற்றுக்கு நடுவில், பாதிக்குமேல் கரையான் அரித்துப்போன ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தது. பதிவு செய்யப்பட்ட பத்திரமாக இருந்தால் அதன் முழு வாசகமும் சார்பதிவாளர் அலுவலகத்தின் முதலாம் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும் என்பதால், எழுதிக்கொடுத்தவர் பெயரைக் கொண்டு அட்டவணையில் தேடச் செய்து சான்றிட்ட நகலுக்கு மனுச் செய்தேன். நகல் கைக்கு வந்த பிறகு அதைப் படிப்பது தனி வேலையாயிற்று. அக்காலத்துப் பத்திர எழுத்தர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை, சொற்களுக்கு இடைவெளியும் விடுவதில்லை. ஆண்டும் அளவும் தமிழ் எண்களில் இருக்கும். ஒரே எழுத்தர் எழுதிய வேறு பத்திரங்கள் சிலவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரிந்த ஊர்ப் பெயர்களிலிருந்து அவருடைய கையெழுத்தைப் பழகிய பின்னரே வரிகள் பிடிபட்டன.

அந்தப் பத்திரம் மூன்று செய்திகளைச் சொன்னது. இளையவர் போனது மொரீசுக்கு அல்ல, தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்கு. அவர் திரும்பி வந்தால் அவருடைய பங்கை எந்த ஆட்சேபமும் இல்லாமல் ஒப்படைப்பதாக மூத்தவர் ஒப்புக்கொள்கிறார். அதற்குச் சம்மதமாகத் தாயார் தம் பெயரோடு கைநாட்டு வைத்திருக்கிறார். அந்த அம்மாளின் பெயரை அதுவரை வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டு வம்சாவளியில் ஆண்களின் பெயர்கள் மட்டுமே வரிசையாக இருந்தன. அந்தப் பழக்கத்தால் தேடுகிறவர் எவ்வளவு இழக்கிறார் என்பது பின்னால் தெரிந்தது.

பத்திரத்தின் தேதி விஜய வருஷம் மாசி மாதம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால் வருஷப் பெயரை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. முத்திரைத்தாளும் பதிவுக் குறிப்பும் இருந்ததால் அது 1894-இன் தொடக்கம் என்பது உறுதியாயிற்று. தாது வருஷப் பஞ்சத்தின்போது, அதாவது 1876-77-இல், அவர் கைக்குழந்தை என்று என் பெரிய பாட்டி சொல்லக் கேட்டவர்கள் இருந்தார்கள். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாவிட்டாலும், அவர் 1894-க்கு முன்பு, பெரும்பாலும் அதற்கு முந்தைய பத்தாண்டுக்குள் புறப்பட்டவர் என்று தேடலுக்கு ஒரு வரம்பு கிடைத்தது.

நேட்டால் என்று தெரிந்த பிறகு பாதை எளிதாயிற்று என்று சொல்லலாம், ஓரளவுக்கு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனை அடைந்தது முதல், 1911-இல் ஒப்பந்தக் கூலிக் குடியேற்றம் நிறுத்தப்பட்டது வரை அங்கே போய் இறங்கியவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியல்கள் கணினியில் ஏற்றப்பட்டு, குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தின் வழியாகப் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. வரிசை எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம் என்று ஒரு மனிதரைப் பற்றி அக்காலத்து அரசாங்கம் தெரிந்துகொள்ள விரும்பியதெல்லாம் அவற்றில் கட்டம் கட்டமாக இருக்கும். சில கட்டங்கள் வெறுமையாகவும் இருக்கும்.

பெயரைக் கொண்டு தேடுவது ஏறக்குறைய வீண். எங்கள் தாத்தாவின் பெயர் வட தமிழகத்தில் தெருவுக்கு இருவர் வைத்துக்கொள்ளும் பெயர். அதோடு, சொன்னதைக் காதில் வாங்கிய எழுத்தர் தம் போக்கில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்: முனுசாமி ‘மூன்சாமி’ ஆகலாம், சின்னசாமி ‘சின்சாமி’ ஆகலாம், கோவிந்தன் ‘கோவிண்டென்’ ஆகலாம். ஆகவே பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு இடத்திலிருந்து தொடங்கினேன். எங்கள் ஊர் இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருந்தாலும் அந்த மாவட்டம் பிறந்தது 1989-இல்தான். கப்பல் பட்டியலில் அது வடஆற்காடு ஜில்லா, வாண்டிவாஷ் தாலுகா. வந்தவாசி என்று எவ்வளவு தேடினாலும் ஒரு வரிகூடக் கிடைக்காது. ஜில்லாவையும் தாலுகாவையும் வைத்து வடிகட்டி, மிஞ்சியவர்களைத் தந்தை பெயரால் அடுக்கினேன். குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லாத நமக்கு, முன்னோரை அடையாளம் காட்டுவது தந்தையின் பெயர்தான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: பேரனுக்குப் பாட்டனார் பெயரை வைக்கும் வழக்கத்தால் அதே இரண்டு பெயர்கள் தலைமுறை விட்டுத் தலைமுறை மாறி மாறி வரும், சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளுக்கும் வரும்.

இப்படிச் சலித்ததில் நான்கு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் 1897-இல் போனவர். பத்திரம் எழுதும்போதே எங்கள் ஆள் நேட்டாலில் இருந்ததால் அவர் விலக்கப்பட்டார். இன்னொருவர் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் கப்பலேறியவர். மணமாகி மனைவி மக்கள் இருந்திருந்தால் பங்கைப் பற்றிய வாசகத்தில் அவர்களைக் குறிப்பிடாமல் விட்டிருக்க மாட்டார்கள் என்று கருதி அவரையும் ஒதுக்கினேன். இதை உறுதியான சான்று என்று சொல்ல மாட்டேன். வலுவான ஊகம், அவ்வளவுதான். மற்ற இருவருக்கும் தந்தை பெயரும் தாலுகாவும் ஒன்றே. கிராமத்தின் பெயரோ இரண்டு இடத்திலும் அடையாளம் தெரியாதபடி சிதைந்திருந்தது. இணையத்தில் யாரோ தொகுத்து வைத்த ஒரு வம்சாவளியில் இவ்விருவரையும் ஒருவராக்கி, ஒருவருடைய கப்பலையும் மற்றவருடைய பிள்ளைகளையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். பெயர் பொருந்தியவுடன் தேடலை நிறுத்துகிறவர்கள் தங்களோடு மற்றவர்களையும் குழப்பிவிடுகிறார்கள்.

இந்த முடிச்சை அவிழ்த்தது வரிசை எண். நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் தரப்பட்ட அந்த எண், ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்த பிறகும் விடாமல் தொடர்ந்தது. குடியேறிய இந்தியரின் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவான திருமணம், பிள்ளைகளின் பிறப்பு, இறப்பு என்று எதிலும் பெயருக்குப் பக்கத்தில் அது எழுதப்பட்டது. பெயர் எத்தனை விதமாகத் திரிந்தாலும் எண் பெரும்பாலும் திரியவில்லை. முதலாமவர் எண்ணுக்கு எதிரே, இந்தியா திரும்பினார் என்ற குறிப்பு இருந்தது. பத்தாண்டு கழித்து இலவசப் பயணத்துக்கு உரிமை இருந்ததால் அப்படித் திரும்பியவர்கள் ஏராளம். எங்கள் வீட்டுக்கு யாரும் திரும்பி வரவில்லை. இரண்டாமவர் எண்ணைத் தொடர்ந்தபோது ஒரு திருமணப் பதிவும், பிறகு நெடுங்கால மௌனமும்.

கடைசியில் உதவியவை நேட்டாலின் தலைநகரான பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் இறந்தவர் சொத்துக் கோப்புகள். வம்சாவளி தேடுவோருக்கான ‘ஃபேமிலிசெர்ச்’ இணையதளத்தில் 1846 முதல் 1950 வரையிலான அக்கோப்புகளின் படிமங்கள் உள்ளன. பெரிய சொத்து இல்லாதவருக்குக்கூடச் சில வேளைகளில் கோப்பு இருக்கும் என்பதால் தேடிப் பார்ப்பது நல்லது. அவருடைய கோப்பில் 1930-களில் மகன் நிரப்பிக் கொடுத்த இறப்பு அறிவிப்புப் படிவம் இருந்தது. பிறந்த இடம் ‘வட ஆற்காடு, இந்தியா’ என்பதோடு நின்றுவிட்டது. தந்தை பெயர் பொருந்தியது. அது முன்பே இருவருக்கும் பொருந்திய பெயர். தாயார் பெயருக்கான இடத்தில், ஆங்கில எழுத்தில் சற்றே நசுங்கி, பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கைநாட்டு வைத்த அம்மாளின் பெயர் இருந்தது. அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லாத பெயர் என்பதாலும், இரண்டு ஆவணங்களும் ஒன்றையொன்று அறியாமல் இரண்டு தேசங்களில் எழுதப்பட்டவை என்பதாலும், இவர்தான் எங்கள் சின்னத் தாத்தா என்று ஏற்றுக்கொண்டேன்.

வயது மட்டும் கடைசிவரை ஒத்துவரவில்லை. கப்பல் பட்டியலின்படி அவர் 1871 அளவில் பிறந்தவர். இறப்பு அறிவிப்பின்படி 1863. பெரிய பாட்டியின் கணக்கின்படி 1876. பிறந்த தேதியை எழுதிவைக்காத குடும்பத்தில் பிறந்தவருக்குப் பட்டியலில் போடப்படும் வயது பார்த்துச் சொன்ன மதிப்பாகவே இருக்கும், ஆள்சேர்ப்பவர் அதைக் குறைத்துச் சொல்லவும் காரணம் உண்டு. ஆகையால் வயது பொருந்தவில்லை என்பதற்காக ஒருவரைத் தள்ளுவதும், வயது மட்டும் பொருந்துகிறது என்பதற்காக ஏற்பதும் ஒன்றுபோலவே ஆபத்தானவை. குடும்பக் குறிப்பேட்டில் மூன்று ஆண்டுகளையும், எது எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு எழுதிவைத்திருக்கிறேன்.

அவருடைய பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டதால், டர்பனில் அவர் வழிவந்தவர்களைத் தேடுவது அதன் பிறகு எளிதாக இருந்தது. அவர்களிடம் கப்பல் பெயரும் எண்ணும் இல்லை, எங்களிடம் அவருடைய பிள்ளைகளின் பெயர்கள் இல்லை, இரண்டையும் மாற்றிக்கொண்டோம். இப்போது அவர் மனைவியைத் தேடிக்கொண்டிருக்கிறோம். திருமணப் பதிவில் அந்த அம்மாளின் எண்ணில் ஓர் இலக்கம் மைபடிந்து தெரியவில்லை. ஆகவே அங்கே வரக்கூடிய பத்து எண்களுக்கும் உரிய கப்பல் பட்டியல்களை எடுத்து, பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவருகிறோம்.