ஸ்கெட்ச்அப் மேக் 2017ஐ நான் ஏன் இன்னும் அழிக்கல

3டி டிசைன் பக்கமே தலை வச்சுப் படுக்காத நிறைய பேரை உள்ள இழுத்துட்டு வந்தது ஸ்கெட்ச்அப்ங்கற சாஃப்ட்வேர்தான், நானும் அந்தக் கூட்டத்துல ஒரு ஆள். ஒரு செவ்வகம் வரையணும், அதை மவுஸால புடிச்சு மேல இழுத்தா பெட்டி ஆயிடும், அந்தப் பெட்டியோட பக்கத்துல சின்னதா ஒரு கட்டம் போட்டு உள்ள தள்ளினா ஜன்னல் வந்துடும், அவ்ளோதான். புஷ்/புல்னு சொல்ற இந்த ஒரு டூலுக்கு 2003ல அமெரிக்காவுல பேட்டன்ட் வாங்கியிருக்காங்க. கம்ப்யூட்டர்ல அளவு வச்சு டிசைன் வரையிற கேட் (CAD) சாஃப்ட்வேர்னாலே கோர்ஸ் போய் படிக்கணும்னு இருந்த காலத்துல யாரும் சொல்லித் தராமலே அரை நாள்ல ஒரு மேஜையோ அலமாரியோ வரைஞ்சிடலாம்ங்கறது ரொம்பப் பெரிய விஷயம்.

இதோட டெஸ்க்டாப் வெர்ஷன், அதாவது ஸ்கெட்ச்அப் மேக் (Make), இலவசமா கிடைச்சுக்கிட்டு இருந்தது நின்னு பல வருஷம் ஆச்சு, ஆனா அதே கதை வேற வேற சாஃப்ட்வேர்ல திரும்பத் திரும்ப நடக்குது, அதான் இதைப் பத்தி கொஞ்சம் விலாவாரியா எழுதலாம்னு தோணுச்சு.

முதல்ல இது எப்படி ஃப்ரீயா வந்துச்சுன்னு பாக்கணும், அதுலதான் பாதி விஷயம் இருக்கு. 1999ல அட் லாஸ்ட் சாஃப்ட்வேர்னு ஒரு சின்ன கம்பெனி ஆரம்பிச்சாங்க, 2000ல ஸ்கெட்ச்அப் வந்துச்சு, காசு கொடுத்துத்தான் வாங்கணும். 2006 மார்ச்ல கூகுள் அந்தக் கம்பெனியை வாங்குச்சு, அடுத்த மாசமே ஃப்ரீ வெர்ஷன் விட்டுட்டாங்க. காரணம் கூகுள் எர்த். அந்த மேப் மேல கட்டடங்களை 3டியா நிக்க வைக்கணும், அதுக்கு உலகம் பூரா ஆளுங்க உக்காந்து அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச கட்டடத்தை வரைஞ்சு ஏத்தணும், டூலை சும்மா கொடுத்தாத்தானே அது நடக்கும்? அப்புறம் 2012ல விமானத்துல இருந்து எடுத்த போட்டோக்களை வச்சு கம்ப்யூட்டரே நகரம் நகரமா 3டி மாடல் செய்ய ஆரம்பிச்சிடுச்சு, அதே வருஷம்தான் ஸ்கெட்ச்அப்பை டிரிம்பிள்ங்கற கம்பெனிக்குக் கைமாத்தி விட்டாங்க. இது ரெண்டும் தற்செயலா நடந்துச்சுன்னு எனக்குத் தோணல. டிரிம்பிள் சர்வே கருவி, ஜிபிஎஸ், கட்டுமான சாஃப்ட்வேர் விக்கிற கம்பெனி, அவங்களுக்கு உலகம் பூரா ஆளுங்க சும்மா வரைஞ்சு ஏத்தணும்னு எந்த அவசியமும் கிடையாது. 2013ல ஃப்ரீ வெர்ஷனுக்கு ஸ்கெட்ச்அப் மேக்னு பேர் வச்சு, சொந்த உபயோகத்துக்கு மட்டும்னு சொல்லி தனியாப் பிரிச்சாங்க, காசு கட்டுறது ப்ரோ. 2017 நவம்பர்ல பிரவுசர்ல ஓடுற ஸ்கெட்ச்அப் ஃப்ரீ வந்துச்சு, அதோட ஸ்கெட்ச்அப் மேக்குக்கு புது வெர்ஷன் கிடையாது. மேக் 2017தான் கடைசி.

ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடணும், அந்த வெப் வெர்ஷன் மோசமான சரக்கு இல்ல. பிரவுசருக்குள்ள 3டி காட்டுற வெப்ஜிஎல் 2011ல வந்துச்சு, கனமான புரோகிராமை பிரவுசர்லயே வேகமா ஓட்டுற வெப்அசெம்ப்ளி 2017 கடைசிலதான் நாலு பெரிய பிரவுசர்லயும் வேலை செய்ய ஆரம்பிச்சுது, அதனால அந்த நேரத்துல இப்படி ஒண்ணு செஞ்சு காட்டினதே பெரிய இஞ்சினியரிங் வேலை. குரோம்புக் வச்சு படிக்கிற பசங்க, லினக்ஸ் வச்சிருக்கவங்க, எதையும் இன்ஸ்டால் பண்ண விடாத ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கவங்க எல்லாரும் முதல் தடவையா இதைத் தொட முடிஞ்சுது. 3டி பிரிண்ட் பண்றதுக்கு வேண்டிய எஸ்டிஎல் ஃபைல் நேராவே இறக்கிக்கலாம். இதெல்லாம் நிஜமான லாபம், நான் மறுக்கவே இல்ல.

எனக்கு வலிக்கிறது வெப் வந்ததுல இல்ல, டெஸ்க்டாப் போனதுல. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்திருந்தா இந்தப் பதிவுக்கே வேலை இல்ல.

போனதுலயே பெரிசு எக்ஸ்டென்ஷன். ஸ்கெட்ச்அப் உள்ள 2004ல இருந்தே ரூபி மொழியில ஸ்கிரிப்ட் எழுதிச் சேர்த்துக்கிற வசதி இருக்கு, ஃப்ரீ வெர்ஷன்லயும் அது முழுசா திறந்தே இருந்துச்சு, அதனால என்ன ஆச்சுன்னா கம்பெனி யோசிக்கவே யோசிக்காத வேலைக்கெல்லாம் ஆளுங்க அவங்களே டூல் செஞ்சுக்கிட்டாங்க, மர வேலை செய்யறவரு பலகை வெட்டுறதுக்கு லிஸ்ட் எடுக்க ஒண்ணு எழுதுவாரு, இன்னொருத்தர் வளைஞ்ச கூரை போட ஒண்ணு எழுதுவாரு, எழுதினதை சும்மா பகிர்ந்தும் விடுவாங்க. ஓபன்கட்லிஸ்ட்னு ஒண்ணு இருக்கு, ஓபன் சோர்ஸ் (அதோட புரோகிராம் எல்லாருக்கும் திறந்தே இருக்கும்), நீங்க வரைஞ்ச அலமாரியில எத்தனை பலகை, எந்த அளவு, எந்த மரம்னு பட்டியல் போட்டு, ஒரு பிளைவுட் ஷீட்ல அதையெல்லாம் எப்படி அடுக்கி வெட்டினா வேஸ்ட் கம்மியாகும்னு படமே போட்டுக் கொடுக்கும். வீட்டுல பொழுதுபோக்கா தச்சு வேலை பண்ற ஒருத்தருக்கு இதைவிட என்ன வேணும்? இந்த எக்ஸ்டென்ஷன் எதுவும் இலவச வெப் வெர்ஷன்ல போட முடியாது. அதாவது வரையிற பலகை மட்டும் இங்க வந்துச்சு, பத்து வருஷத்துக்கு மேல ஊர் கூடிச் சேர்த்து வச்ச டூல் பெட்டி அங்கயே நின்னுடுச்சு. ஃப்ரீ யூசர்ங்கறவன் சும்மா வாங்கிட்டுப் போறவன் மட்டும் இல்ல, அவனும் அந்த சாஃப்ட்வேரைக் கட்டினவன்தான், அந்த உழைப்புக்கு ஒரு மதிப்பு கொடுத்திருக்கணும்ங்கறது என் ஆதங்கம்.

அடுத்தது வெர்ஷன். இது பலருக்கும் உடனே உறைக்காது. டெஸ்க்டாப் சாஃப்ட்வேர்னா புது வெர்ஷன் புடிக்கலன்னா பழசுலயே இருக்கலாம், முடிவு நம்ம கையில. வெப்ல பழசுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, இன்னிக்கு என்ன இருக்கோ அதுதான், நேத்து இருந்த பட்டன் இன்னிக்கு காசு கட்டுற பிளானுக்குப் போயிருந்தா போனதுதான். ஆட்டோடெஸ்க் கம்பெனியோட 3டி டிசைன் சாஃப்ட்வேரான ஃப்யூஷன் 360 முழு வெப் கூட கிடையாது, இன்ஸ்டால் பண்றதுதான், ஆனா லைசென்ஸ் ஆன்லைன்ல இருந்து வருது, 2020ல அதோட இலவச பெர்சனல் லைசென்ஸ்ல ஒரே நேரத்துல 10 ஃபைல் மட்டும்தான் எடிட் பண்ணலாம்னு மாத்தினப்ப எல்லாரும் ஏத்துக்க வேண்டியதாப் போச்சு. ஆட்டோடெஸ்க் 123டி டிசைன்னு இன்னொரு அருமையான இலவச டெஸ்க்டாப் டூல் 2017ல நின்னப்பவும் கைகாட்டின ரெண்டு பக்கம், ஒண்ணு பிரவுசர்ல ஓடுற டிங்கர்கேட், இன்னொண்ணு இதே ஃப்யூஷன்தான்.

ஃபைல் எங்க இருக்குங்கறதும் ஒரு விஷயம். ஸ்கெட்ச்அப் ஃப்ரீயில சேமிச்சா அது டிரிம்பிள் கனெக்ட்ங்கற அவங்க சர்வருக்குப் போகும், 10 ஜிபி இடம் தர்றாங்க, நம்ம கம்ப்யூட்டருக்கும் இறக்கிக்கலாம், ஆனா நாமளா ஞாபகம் வச்சு இறக்கணும், எத்தனை பேர் அதைச் செய்வாங்க? நெட் இல்லாத இடத்துல வேலை ஓடாது. பெரிய மாடலைத் திறந்தா பிரவுசர் டேப் திணறும்.

சரி, மேக் 2017ஐ வச்சுக்கிட்டா மட்டும் எல்லாம் நல்லா இருக்கா? இல்ல, அதுலயும் சிக்கல் இருக்கு. 2018 வெர்ஷன்லயும் அதுக்கு அப்புறம் வந்த வெர்ஷன்லயும் சேமிச்ச எஸ்கேபி ஃபைலை (ஸ்கெட்ச்அப்போட சொந்த ஃபைல்) அது திறக்காது. ஆன்லைன் சேவையை நம்பி இருக்கிற பகுதியெல்லாம் கம்பெனி சர்வரை நிறுத்தினா செத்துடும். ஆபரேட்டிங் சிஸ்டம் மாறிக்கிட்டே இருக்கு, 2019ல ஆப்பிள் கம்ப்யூட்டருக்கு வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா பழைய 32 பிட் சாஃப்ட்வேர் மொத்தத்தையும் ஓட விடாம நிறுத்திடுச்சு, ஸ்கெட்ச்அப் மேக் 2017 64 பிட்டா இருந்ததால தப்பிச்சுது, அடுத்த தடவையும் தப்பிக்கும்னு யாரு சொல்ல முடியும். அதனால பழசை வச்சிருக்கிறது நிரந்தரத் தீர்வு கிடையாது, ஆற அமர வெளியேறுறதுக்குக் கிடைக்கிற அவகாசம், அவ்ளோதான். அந்த அவகாசத்தை நல்லா உபயோகப்படுத்திக்கணும்.

உங்ககிட்ட இன்னும் பழைய இன்ஸ்டாலர் இருந்தா அதை வேற ஒரு டிஸ்க்லயும் காப்பி பண்ணி வைங்க, போட்டிருக்கிற எக்ஸ்டென்ஷன்களோட ஆர்பிஇசட் ஃபைல்களையும் (எக்ஸ்டென்ஷனை இன்ஸ்டால் பண்ற ஃபைல்) அதே ஃபோல்டர்ல போட்டு வைங்க, ஏன்னா சாஃப்ட்வேர் கிடைச்சாலும் அந்த வெர்ஷனுக்குப் பொருந்துற எக்ஸ்டென்ஷன் தேடுறது பெரும்பாடு. அப்புறம் முக்கியமான மாடல் எல்லாத்தையும் வேற சாஃப்ட்வேர்லயும் திறக்கிற கொலாடாங்கற ஃபார்மட்ல ஒரு காப்பி எடுத்துக்கோங்க, ஸ்கெட்ச்அப் மேக்லயே எக்ஸ்போர்ட் இருக்கு. அத்தோட விட்டுடாதீங்க, கொலாடாவும் வயசான ஃபார்மட், பிளெண்டர்ங்கற இலவச 3டி சாஃப்ட்வேரோட 5.0 வெர்ஷன்ல அதைத் தூக்கிட்டாங்க. பிளெண்டர் 4 வரிசையில ஒண்ணை வச்சுத் திறந்து ஓபிஜே இல்லன்னா ஜிஎல்டிஎஃப்ங்கற ஃபார்மட்டுக்கு மாத்தி வச்சிடுங்க. பாருங்க, பிளெண்டர்ல ஒரு வசதி போச்சுன்னாலும் பழைய வெர்ஷனை எப்ப வேணா இறக்கிக்கலாம், எல்லாமே அவங்க சைட்லயே அடுக்கி வச்சிருக்காங்க, நான் மேல சொன்ன வித்தியாசம் இதுதான்.

பிளெண்டரோட கதையும் இந்த இடத்துல சொல்லியே ஆகணும். அதுவும் ஒரு கம்பெனியோட சாஃப்ட்வேர்தான், கம்பெனி மூடுற நிலைமை வந்துச்சு, அப்ப 2002ல யூசர்ங்க எல்லாம் சேந்து 1 லட்சம் யூரோ திரட்டி சோர்ஸ் கோடையே விலைக்கு வாங்கி, யார் வேணா உபயோகிக்கலாம் திருத்தலாம்னு சொல்ற ஜிபிஎல் லைசென்ஸ்ல விட்டுட்டாங்க. ஏழே வாரத்துல அந்தப் பணம் சேந்துச்சு. இனிமே அதை யாராலயும் பூட்ட முடியாது.

ஆனா பிளெண்டர் ஸ்கெட்ச்அப்புக்கு நேர் மாத்து கிடையாது, அது சிற்பம், அனிமேஷன் பக்கம் சாஞ்சது, மில்லிமீட்டர் கணக்கா அலமாரி வரையணும்னா ஃப்ரீகேட்ங்கற ஓபன் சோர்ஸ் கேட் சாஃப்ட்வேர் பக்கம் போங்க. 2002ல ஆரம்பிச்ச ப்ராஜெக்ட், 1.0ங்கற நம்பரையே 2024 நவம்பர்லதான் தொட்டாங்க, அவ்ளோ நிதானம். முதல்ல கடுப்பாத்தான் இருக்கும், ஸ்கெட்ச்அப் மாதிரி இழுத்தா வராது, ஸ்கெட்ச் போட்டு அளவு கொடுத்து அதைப் பூட்டணும், ஆனா ஒரு தடவை அந்த முறை புரிஞ்சிடுச்சுன்னா பலகையோட கனத்தை ஒரு இடத்துல மாத்தினா மொத்த அலமாரியும் தானா சரியாகும், ஸ்கெட்ச்அப்ல இதுக்கு ஒவ்வொண்ணா இழுத்துட்டு இருக்கணும். ரூம்ல எங்க கட்டில் போடலாம்னு பாக்கிறதுக்கு மட்டும்னா ஸ்வீட் ஹோம் 3டி போதும், அதுவும் ஓபன் சோர்ஸ், இறக்கி வச்சுக்கலாம்.

இலவச டெஸ்க்டாப் டூலை நிறுத்தப்போற கம்பெனிகள்கிட்ட நான் எதிர்பாக்கிறது ரொம்பக் கொஞ்சம்தான். காலம் பூரா ஃப்ரீயா அப்டேட் கொடுங்கன்னு கேக்கல, அது நியாயமும் இல்ல, சம்பளம் கொடுத்து ஆள் வச்சுத்தான் அதைச் செய்யணும். கடைசி வெர்ஷனோட இன்ஸ்டாலரை உங்க சைட்ல ஒரு மூலையில விட்டு வைங்க, லாகின் இல்லாம, நெட் இல்லாம திறக்கிற மாதிரி ஒரு கடைசி அப்டேட் கொடுங்க, ஃபைல் ஃபார்மட் எப்படி இருக்குன்னு ஒரு டாக்குமென்ட் வெளியிடுங்க. ஓபன் சோர்ஸ்ல இருக்கிறவங்க மிச்சத்தை அவங்களே பாத்துக்குவாங்க.

புதுசா ஆரம்பிக்கிறவங்க ஸ்கெட்ச்அப் ஃப்ரீயைத் திறந்து ரெண்டு மூணு வாரம் விளையாடிப் பாருங்க, 3டில எப்படி யோசிக்கணும்னு புடிபட அதைவிட சுலபமான வழி இன்னும் வரல. வருஷக்கணக்கா வச்சுத் திருத்தப்போற டிசைனை மட்டும் முதல் நாள்லயே ஃப்ரீகேட்ல போட்டுடுங்க.