கையால் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது

ரொறன்ரோவில் எனக்குக் கிடைத்த முதல் நிரந்தர வேலை தண்ணி இழுக்கிறது. ஊருக்குப் போன் எடுத்தால் அப்படித்தான் சொல்வேன். அலுவலகம், கடை, கிடங்கு என்று எங்காவது தண்ணீர் புகுந்தால் போய் உறிஞ்சி, காயவைத்து, தேறாததை வெட்டி எடுக்க வேண்டும். பயிற்சி வகுப்பெல்லாம் பிறகுதான். முதலில் ஒரு சோடி ரப்பர் சப்பாத்து தந்தார்கள், அவ்வளவுதான்.

சேர்ந்த இரண்டாவது கிழமை, மார்க்கம் பக்கம் ஒரு மூன்று மாடி அலுவலகம். ஜனவரி, ஞாயிறு இரவு, வெளியே மைனஸ் 18. மேல்மாடியில் ஸ்பிரிங்ளர் குழாய் உறைந்து வெடித்து, ஆள் வந்து வால்வை மூடுவதற்குள் கீழ்மாடி வரை இறங்கிவிட்டது. தீயணைக்கிற தண்ணீர்தானே, நல்ல தண்ணீராக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வருடக்கணக்காக இரும்புக் குழாய்க்குள் கிடந்ததால் கறுத்து, துரு நாற்றம் அடித்தது.

வந்த வேகத்தில் ஃபேன்களை இறக்கி ஓடவிட்டேன். எங்கள் குழுத் தலைவர், சாவகச்சேரிக்காரர், பிளக்கைப் பிடுங்கினார்.

"தம்பி, முதல் உறிஞ்சு. காத்து பிறகு."

தரையில் தண்ணீர் நிற்க ஃபேன் போட்டால் அது ஆவியாகி நேரே கூரைப் பலகைக்குப் போகும். டிஹியூமிடிஃபையர் அந்த ஆவியைப் பிடித்துத் திரும்பத் தண்ணீராக்கிக் குழாயால் வெளியே விட வேண்டும். ஊரில் வெள்ளம் வடிந்தால் கதவு யன்னலைத் திறந்துவிட்டு வெயிலை நம்புவோம். இங்கே எல்லாவற்றையும் பூட்டிவிட்டுத்தான் வேலையே தொடங்குகிறது.

அடுத்தது ஈரம் பார்க்கிற மீற்றர். சுவரில் வைத்தால் எண் காட்டும். ஆனால் அந்தக் கட்டடத்தில் தண்ணீர் படாத ஒரு சுவரில் முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே வருகிற எண்தான் 'காய்ந்தது'. அன்று 14 வந்தது. ஒரு மூலையில் வைத்தேன், 90ஐத் தாண்டியது. இங்கே சுவர் என்பது தாள் ஒட்டிய ஜிப்சம் பலகைதான். பெருமையோடு கத்தியை எடுத்து வெட்டினேன். உள்ளே சொட்டு ஈரமில்லை, மூலையைப் பிடித்திருந்த உலோகப் பட்டிதான் மீற்றரை ஏமாற்றியிருக்கிறது.

"தகரம் கண்டுபிடிச்சிருக்கிறாய்" என்றார் அண்ணை. சுவரில் அஸ்பெஸ்டஸ் என்கிற நஞ்சு நார் இருக்கிறதா என்று சொல்கிற அறிக்கையைக் கேட்காமல் சுவரில் கைவைத்ததற்குத் தனியாக ஏச்சு.

அதற்குப் பிறகு பயந்து போய், கூட்ட அறைச் சுவரைக் கையால் மட்டும் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. தினசரித் தாளில் அப்படியே எழுதினேன். அது வினைல் ஒட்டிய சுவர். வெளியே தடவினால் எப்போதுமே காய்ந்துதான் இருக்கும். நாலாம் நாள் அண்ணை அடியிலிருந்த ரப்பர் பட்டியை உரித்து, ஊசி மீற்றரைக் குத்தினார். அது கத்தின கத்தலில் மற்ற அறையிலிருந்தவனும் எட்டிப் பார்த்தான். பலகைத் தாளில் சாம்பல் நிறப் புள்ளிகள், பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. நாலடி உயரத்துக்கு வெட்டினோம். பலகையின் அகலம் நாலடி என்பதால், திருப்பிப் பொருத்துகிறவனுக்கு அது சுகம்.

அந்தத் தாள் காப்புறுதிக்காரரிடம் போகிறது. 'காய்ந்தது' என்று என் கையெழுத்தில் இருந்ததைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதவா என்று கேட்டேன். அண்ணை விடவில்லை. ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் மீற்றர் காட்டிய 62ஐயும் நேரத்தையும் எழுதி, கீழே என் பெயரையும் போடச் சொன்னார்.