பத்தாம் வசனத்தில் நின்ற பேனா

ஸ்காட்லாந்தின் ஓபன் துறைமுகத்தில் கப்பல் ஏறும்போது தூறல் பிடித்துக்கொண்டது. பையில் அம்மாவின் பழைய வேதாகமம். அது நனையாமல் இருக்க இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றி வைத்திருந்தேன். முக்கால் மணி நேரத்தில் மல் தீவு. அங்கிருந்து ஒரு வண்டி மட்டுமே போகிற ஒற்றைப் பாதையில் பஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடி, இளஞ்சிவப்புப் பாறைகள் நிறைந்த கடற்கரையில் இறக்கிவிட்டது. எதிரே கூப்பிடு தூரத்தில் அயோனா. பத்து நிமிடப் படகுப் பயணம்தான்.

கி.பி. 563இல் அயர்லாந்திலிருந்து 12 தோழர்களோடு, தோல் போர்த்திய படகில் இங்கே வந்து இறங்கியவர் கொலம்பா என்ற துறவி. ஸ்காட்லாந்தில் சுவிசேஷம் பரவியதில் இந்தச் சின்னத் தீவுக்குப் பெரிய பங்கு உண்டு. படகுத்துறைக்குப் பக்கத்திலேயே 'இரத்தசாட்சிகள் குடா' இருக்கிறது. 806இல் வைக்கிங் கடற்கொள்ளையர்கள் அங்கே 68 துறவிகளை வெட்டிப் போட்டார்கள். அந்த வெள்ளை மணலில் செருப்போடு நிற்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் தெற்கே நடந்தோம், நானும் மனைவியும் மகளும். ஆடு மேயும் புல்வெளி, அப்புறம் ஒரு சின்ன ஏரி, அதற்குப் பிறகு முழுக்கச் சதுப்பு. கணுக்கால் வரை புதைந்தது. மகள் ஒரு முறை விழுந்து எழுந்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பாறைகளுக்கு நடுவே கடல் திறந்தது. கொலம்பா கரையேறியதாகச் சொல்லப்படும் குடா அது. கரை முழுக்கக் கூழாங்கற்கள். நடுநடுவே கண்ணாடி போல மினுங்கும் பச்சைக் கற்கள். வருகிறவர்கள் ஒரு கல்லை எடுத்து, விட்டுவிட வேண்டிய பாரத்தை நினைத்துக் கடலில் எறிவார்கள். இன்னொரு கல்லைத் தங்களோடு கொண்டுபோவார்கள்.

பக்கத்துக் குன்றுக்கு 'அயர்லாந்துக்கு முதுகு காட்டிய மேடு' என்று பெயர். கொலம்பா அதில் ஏறிப் பார்த்தாராம். சொந்த நாடு கண்ணுக்குத் தெரியவில்லை என்று உறுதியான பிறகுதான் இங்கே தங்கினாராம். ஊரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஊழியம் நடக்காது என்று நினைத்திருப்பார். கிளாஸ்கோவுக்குக் குடிவந்து பதினோரு வருஷம் ஆன எனக்கு அந்த மேட்டைப் பார்க்கவே தொண்டை அடைத்தது. அம்மாவின் அடக்கத்துக்கு நான் போய்ச் சேர முடியவில்லை. அதை நினைத்துத்தான் கல்லை எறிந்தேன்.

மாலையில் மடாலயத்துக்குத் திரும்பினோம். வாசலில் புனித மார்ட்டினின் கற்சிலுவை, ஏறத்தாழ 1,200 ஆண்டுகளாக அதே இடத்தில் நிற்கிறது. அதில் சிங்கங்களுக்கு நடுவே தானியேல் இருக்கிறார், சுரமண்டலத்தோடு தாவீதும் இருக்கிறார். எதிரே ஒரு பாறைத் திட்டு. கொலம்பா உட்கார்ந்து எழுதிய குடிசை அதன் மேல்தான் இருந்தது என்பார்கள். 1957இல் அங்கே தோண்டியபோது கிடைத்த மரக்கரியை 60 ஆண்டுகள் கழித்துச் சோதித்ததில், அது அவர் காலத்தோடு பொருந்தியது.

597இல், தன் கடைசி நாளில், அவர் சங்கீதங்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். 34ஆம் சங்கீதத்தில் ஒரு வசனம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டார். "இங்கே நிறுத்துகிறேன், மீதியைப் பாய்த்தீன் எழுதட்டும்" என்றார். அவருக்குப் பின் மடத் தலைவரானவர் இந்தப் பாய்த்தீன். அன்று நள்ளிரவு ஆலயத்தில், பீடத்தின் முன்னே கொலம்பாவின் உயிர் பிரிந்தது.

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் அம்மா மனப்பாடமாகச் சொல்லும் சங்கீதம் அதுதான். அதற்காகவே வந்தேன்.

திட்டின் மேல் உட்கார்ந்தோம். காற்று பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தது. "கர்த்தரை நான் எக்காலத்திலும் ஸ்தோத்திரிப்பேன்" என்று தொடங்கினேன். "கர்த்தரைத் தேடுகிறவர்களுக்கோ ஒரு நன்மையுங் குறைவுபடாது" என்ற பத்தாம் வசனம் வந்ததும் குரல் உடைந்துவிட்டது.

மகள் வேதாகமத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். தமிழ் எழுத்து அவளுக்கு இன்னும் தடுமாறும். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, அடுத்த வசனத்தை வாசித்தாள்: "பிள்ளைகளே, வந்து எனக்குச் செவிகொடுங்கள்."