பெரியமாமாட கராஜும் ஒரு பழைய டீசல் ட்ரக்கும்

அப்பாட அஞ்சாவது ஆண்டுத் திவசத்துக்கு எண்டு மார்ச் நடுவில மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடிக்கு வந்தன், மூண்டு கிழமை லீவு. ரொறன்ரோப் பக்கம் நான் செய்யிற வேலைக்கு அந்த நேரம்தான் கொஞ்சம் மூச்சு விடலாம், பனி தள்ளுற வேலை முடிஞ்சு புல்லு வேலை தொடங்காத இடைவெளி. வரக்குள்ள என்ட போன்ல ஒரு ட்ரக்கிட முப்பத்திரெண்டு படமும் மூண்டு வீடியோவும் கிடந்திச்சு. 2014 ராம் 2500, 6.7 லீட்டர் கம்மின்ஸ் டீசல், 310,000 கிலோமீற்றர் ஓடினது, கேட்ட விலை 24,000 டொலர். விக்கிற மனிசன், ஊருக்குப் போயிட்டு வா, ஏப்ரல் முதல் கிழமை வரைக்கும் வச்சிருக்கன், ஆனா 500 டொலர் அட்வான்ஸ் போடு எண்டு சொல்லியிருந்தார். அத போடுறதா விடுறதா எண்டுதான் எனக்கு ராவெல்லாம் யோசனை.

நான் கனடாவுக்குப் போனது 2019இல. முதல் ஒரு பெக்டரியில நைட் ஷிப்ட், பெட்டி அடுக்கிற வேலை, பகல்ல நித்திரை வராது, ஆறு மாசத்தில ஆளே காஞ்சு போனன். மறுகா ஒரு கூட்டாளி சொல்லி லேண்ட்ஸ்கேப் கொம்பனி ஒண்டில சேந்தன், வெயில் காலத்தில புல்லு வெட்டு, மரம் நடு, கல்லுப் பதி, குளிர் காலத்தில ட்ரக்குக்கு முன்னால இரும்புத் தகடு பூட்டி பிளாசா எண்ட கடைத்தொகுதிகள்ள பனி தள்ளு. எனக்கு அந்த வேலை பிடிச்சுப் போச்சு. மண்ணோட கிடந்து வளந்த ஆக்களுக்கு பெக்டரிக்குள்ள நிக்கிறத விட அது எவ்வளவோ மேல். இப்ப சொந்தமா தொடங்குவம் எண்டு ரெண்டு வருசமா காசு சேக்கிறம், மனிசியும் நானும். மூண்டு பிளாசாவும் பதினெட்டு வீடும் வாய்ப்பேச்சில கிடக்கு. ட்ரக்தான் இல்ல.

ஏன் டீசல் எண்டா, எங்கட கொம்பனில எல்லாம் டீசல்தான். பெரிய ட்ரக், சத்தம், இழுவை, முன்னால தகட்டத் தூக்கிக்கொண்டு போகக்குள்ள ரோட்டில ஒரு மதிப்பு. உண்மையச் சொன்னா அந்த மதிப்பும் மனசில கிடந்திச்சுதான். சொந்த ஆக்கள் ஸ்காபரோவில எல்லாரும் கேக்கிறது என்ன வாகனம் ஓடுறாய் எண்டுதான்.

பெரியமாமாக்கு வயசு எழுபத்தொண்டு. அம்மாட மூத்த அண்ணன். அவர்ட கராஜ் மெயின் ரோட்டுக்கு உள்பக்கமா வேப்பமரத்துக்குக் கீழ ஒரு தகரக் கொட்டில். மெசி பேர்கசன் 135 ட்ரெக்டர்தான் அவர்ட உசிரு, அந்த மூண்டு சிலிண்டர் பேர்கின்ஸ் இஞ்சினக் கண்ண மூடிக்கொண்டு கழட்டிப் பூட்டுவார். நான் ஸ்கூல் விட்டு வந்து பதின்மூண்டாம் நம்பர் ஸ்பேனர் எடுத்துக் குடுத்து வளந்தது அங்கதான். நான் போன நேரம் பெரும்போக வெட்டு நடந்துகொண்டிருந்திச்சு, வாவிக்கு அங்கால படுவான்கரையில இருந்து பட்டிருப்புப் பாலத்தால நெல்லு மூட்டை ஏத்தின ட்ரெக்டரெல்லாம் வரிசையா வரும், அதில ரெண்டு மூண்டு எப்பவும் மாமாட வாசல்ல நிக்கும். அந்த நேரத்தில போய் போன நீட்டினன்.

கைய மண்ணெண்ணெயில கழுவி சீலத்துண்டில துடைச்சிட்டு கண்ணாடியப் போட்டுக்கொண்டு பாத்தார். முதல் கேட்டது விலையும் இல்ல, வருசமும் இல்ல. "இதால என்ன இழுக்கப் போறாய் மனே?"

புல்லு வெட்டுற மிசின் மூண்டு, சின்ன ட்ரெய்லர், எல்லாம் சேத்து 1,200 கிலோ வரும் எண்டன். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் எண்டார். வெயில் காலத்தில நாப்பது அம்பது கிலோமீற்றர், பனி காலத்தில ராவு ரெண்டு மணிக்கு எழும்பி பிளாசாக்குப் பிளாசா பத்து நிமிச ஓட்டம், மிச்ச நேரம் நிண்ட இடத்தில முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளுறதுதான் எண்டன். அவர் ஒண்டும் சொல்லல்ல. வாசல்ல நிண்ட ட்ரெக்டரக் காட்டினார். "அது காலம ஆறு மணிக்கு வயலுக்க இறங்கினா பொழுது படுமட்டும் பாரத்தோட நிக்கும். டீசலுக்கு அதுதான் வேணும். சூடாகணும், சூடாவே கிடக்கணும்."

அவர் சொன்னது பழைய இஞ்சினப் பத்தி, ஆனா அது புது டீசலுக்கு இன்னும் கூடப் பொருந்தும், அத நான் கொம்பனியில கண்ணாலயே கண்டிருக்கன். 2007க்குப் பிறகு வந்த இந்தப் பெரிய டீசல் ட்ரக்கெல்லாத்திலயும் சைலன்சர் பக்கத்தில ஒரு பில்டர் இருக்கு, டி.பி.எஃப் எண்டுவாங்க, கரிப்புகைய பிடிச்சு வச்சுக்கொள்ளும். நிரம்பினா தானா சூடாக்கி அறுநூறு டிகிரி கிட்டக் கொண்டு போய் அந்தக் கரிய எரிச்சுத் தள்ளணும். ஹைவேயில ஒரு மணித்தியாலம் பாரத்தோட ஓடினா அது நல்லா நடக்கும். நிண்ட இடத்தில ஐடில்ல கிடந்து, பத்து நிமிசம் ஓடி நிப்பாட்டி, திரும்ப ஓடி எண்டா பாதியில பாதியில நிண்டு போகும், கரி இறுகும். போன வருசம் ஜனவரியில கொம்பனி ட்ரக் ஒண்டு பிளாசா நடுவில லைட்டப் போட்டுக்கொண்டு வேகமே எடுக்காம நிண்டுட்டு, ராவு நாலு மணி, மைனஸ் 24, காலம ஏழு மணிக்குக் கடை திறக்கிற ஆக்கள் வரப்போறாங்க, நான் தனிய ஷவலால நடைபாதைய வழிச்சுக்கொண்டு நிண்டது இப்பவும் கைவிரல்ல கிடக்கு. அந்தப் பில்டர் மாத்த ஆயிரக்கணக்கில போச்சு. கொம்பனி எண்டபடியா தாங்கிச்சு. எனக்கு அந்த ஒரு ராவே காணும், வாய்ப்பேச்சில கிடக்கிற பிளாசா மூண்டும் கையால போயிரும்.

பிறகு அந்த நீலத் தண்ணிக் கதை. டாங்கிக்குப் பக்கத்தில நீல மூடி போட்ட இன்னொரு டாங்கி இருக்கு, அதில டெஃப் எண்டு ஒண்டு ஊத்தணும், அது என்னெண்டா நூத்துக்கு 32.5 பங்கு யூரியா, மிச்சம் சுத்தமான தண்ணி. ராம் பிக்கப்புகளுக்கு அது 2013இல இருந்து வந்தது. மைனஸ் 11இல உறையும், அதால அந்த டாங்கிக்குள்ளயே ஹீற்றர் வச்சிருக்காங்க, அந்த ஹீற்றர் பழுதானா அதுக்கு வேற செலவு. யூரியா எண்டதும் மாமா நிமிந்து பாத்தார். 2021இல அரசாங்கம் இரசாயன உரத்த நிப்பாட்டின வருசம் படுவான்கரையில பயிர் மஞ்சளாகி நிண்டத பாத்த மனிசன் அவர், மாமிட அண்ணன் வெல்லாவெளிப் பக்கம் அஞ்சு ஏக்கர் விதைச்சு விதைநெல்லுக்கும் காணாம வெட்டினவர். "யூரியாவ வண்டிக்கு ஊத்துறாங்களா மனே?" எண்டு ரெண்டு தரம் கேட்டார். ஓம் மாமா எண்டன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார், நானும் பேசல்ல.

விக்கிற மனிசன் என்ன சொன்னவரெண்டா, இதில அதெல்லாம் கழட்டியாச்சு, டிலீட் பண்ணியிருக்கு, இனிப் பிரச்சினையே இல்ல எண்டு. கன பேர் அப்பிடிச் செய்யிறாங்கதான். ஆனா ஒன்ராறியோவில அந்தப் புகைச் சாமானக் கழட்டுறது சட்டத்துக்கு மாறு, நான் வேலைக்கு ஓடப்போற வாகனம், ட்ரெய்லரோட ரோட்டில மறிச்சுப் பாக்கிற அதிகாரி கீழ குனிஞ்சு பாத்தா தண்டம். வந்த நாட்டில ஒரு பேப்பரும் பிழையில்லாம நிக்கணும் எண்டது எனக்கும் மனிசிக்கும் முதல் நாளே எடுத்த முடிவு. அதில நான் இறங்க மாட்டன்.

மறுகா வீடியோ. குளிர் இஞ்சின ஸ்டாட் பண்ணி எடுத்து அனுப்புங்க எண்டு நான் கேட்டதுக்கு அவர் அனுப்பின வீடியோ. ஒரு சுழட்டில பிடிச்சுது, நல்லாயிருக்கு எண்டு நான் சந்தோசப்பட்டிருந்தன். மாமா அத மூண்டாந்தரம் பாக்கக்குள்ள நிப்பாட்டச் சொன்னார், விரலால பெருப்பிச்சார். டாஷ்போர்ட்டில சூட்டு முள்ளு நடுவில நிக்குது. "இது இப்பதான் ஓடி வந்த இஞ்சின். குளிர்ல பிடிக்குமா எண்டு இதில எங்க இரிக்கு?" பனியக் கண்ணால காணாத மனிசன், எனக்கு ஏழு குளிர்காலம், நான் அந்த முள்ளப் பாக்கல்ல. ஓயில் ஊத்துற மூடியக் கழட்டி கவுத்து அதே ஓட்டையில வச்சு இஞ்சின ஓடவிட்டு வீடியோ எடுக்கச் சொல்லு, மூடி துள்ளிப் பறந்தா இஞ்சினுக்குள்ள பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சு எண்டார். கேட்டன், அதுக்குப் பதில் வரல்ல.

ஆனா ட்ரக்க விட வச்சது அதுவுமில்ல, கீழ்ப்பக்கப் படம்தான். சேசி, அதான் வண்டிட அடி இரும்புச் சட்டம், புதுசா கறுப்பு அடிச்சு மினுங்கிக்கொண்டிருந்திச்சு, நான் அத நல்ல விசயம் எண்டு நினைச்சன், கவனமா வச்சிருக்கார் எண்டு. மாமா என்னக் கூட்டிக்கொண்டு கொட்டிலுக்குப் பின்னால போனார். அங்க கல்லாறுப் பக்கம் கடற்கரையோட நிண்ட பழைய ட்ரெக்டர் பெட்டி ஒண்டு, கடக்காத்து உப்புத் திண்டது, ஆரோ கறுப்புப் பெயின்ட் அடிச்சு விக்கக் கொண்டு வந்து வச்சது. பாத்தா ஒண்டும் தெரியாது. சின்னச் சுத்தியலொண்டால தட்டிக்கொண்டே போனார், டங், டங், டங், மறுகா ஒரு இடத்தில தொப் எண்டு ஒரு சத்தம். அந்த இடத்தில திரும்பத் தட்ட பெயின்ட் விட்டு தவிட்டு நிறத்தில படைபடையா உதிந்து விழுந்திச்சு, பிட்டு உதிர்ற மாதிரி, விரல விட்டா மத்தப் பக்கம் வெளிச்சம். "உங்கட ரோட்டிலயும் உப்புப் போடுறாங்க எண்டு நீதானே சொன்னாய்." ஓம், பனி உருக நானே கையால அள்ளிப் போட்டிருக்கன், ஒரு ராவில எத்தின மூட்டை. பத்துக் குளிர்காலத்துக்கு மேல அந்த உப்புத் தண்ணிக்குள்ள ஓடின சேசி எப்பிடி புதுசா மினுங்கும்? பிரேக் எண்ணெய் போற இரும்புக் குழாய்களும் அதே உப்பிலதான் ஊறிக் கிடக்கும். கறுப்ப ஒரு இடத்தில சுரண்டிக் காட்டுங்க எண்டு அண்டைக்கு ராவே மெசேஜ் போட்டன். வேற ஆக்கள் வரிசையில நிக்கிறாங்க, வேணுமெண்டா எடு எண்டு பதில். அந்தப் பதிலோட எனக்கு மனசு லேசாப் போச்சு.

ராவு மனிசி கோல் எடுத்தா. அவ கணக்கு வேற. "இஞ்ச பாருங்க, இருபத்தி நாலு எண்டு சொல்றீங்க, அதுக்கு மேல 13 வீத வரி, அதே 3,120 வருது, இன்னும் சேப்டி செய்யல்ல, இன்சூரன்ஸ் எடுக்கல்ல, முன்னால பூட்டுற தகடு வேற. முதல் மழைக்கே வண்டி நிண்டா வாடகைக்கு என்ன செய்யிற?" அவ சொன்னது சரி. ஒன்ராறியோவில ஆள் ஆளிட்ட நேர வாங்கினாலும் பேர் மாத்தப் போகக்குள்ள அந்த வரி கட்டியே ஆகணும், விக்கிறவர் 20 டொலருக்கு எடுக்கிற பெக்கேஜ் ஒண்டு தரணும், அதில முந்தின உடமையாளர், கடன் நிக்குதா எண்டதெல்லாம் இருக்கும், வண்டி ரோட்டில ஓடத் தகுதி எண்டு சோதிச்சுத் தாற சேப்டி பேப்பர் 36 நாளைக்குத்தான் செல்லும். புதுசா வந்த எங்கட பொடியன்களுக்கு இத ஆரும் சொல்லிக் குடுக்கிறதில்ல, அந்தப் பெக்கேஜ் பாக்காம ஒரு சதமும் குடுக்காதீங்க தம்பிமாரே.

டீசலே வேண்டாம் எண்டு நான் சொல்லல்ல. எக்ஸ்கவேட்டர் ஏத்தி நாலு டன் அஞ்சு டன் தினமும் இழுக்கிற ஆளுக்கு, நீளத்துக்கு ஓடுற ஆளுக்கு அத விட்டா வேற இல்ல, ஒழுங்காப் பாத்தா அஞ்சு லெச்சம் கிலோமீற்றர் தாண்டியும் நிக்கும். என்ட வேலை அது இல்ல. அந்த கம்மின்ஸ் இஞ்சின் மட்டுமே ஆயிரம் இறாத்தலுக்கு மேல பாரம், அதுக்கு முன்னால பனித் தகட்டையும் தொங்கவிட்டா முன் அச்சும் போல் ஜொயின்ட்டும் என்ன பாடுபடும். ஓயில் மாத்த ஒருக்கா பதினொரு லீட்டருக்கு மேல, டீசல் பில்டர் ரெண்டு. இதெல்லாம் பாரம் இழுத்து உழைச்சுக் குடுக்கிற வண்டிக்குத் தகும்.

அட்வான்ஸ் போடல்ல. மற்ற நாள் காலம தேடக்குள்ள ஓஷவாப் பக்கம் ஒண்டு கண்டன், 2013 செவ்ரலே 2500, 6 லீட்டர் பெற்றோல், 190,000 கிலோமீற்றர், 14,500 டொலர். பெற்றோல் குடிக்கிறது கூடத்தான், அது தெரியும். ஆனா பில்டர் இல்ல, நீலத் தண்ணி இல்ல, மைனஸ் 24இல டீசல் இறுகிப்போற பயம் இல்ல, ஓயில் ஆறு லீட்டருக்குள்ள, மிச்சக் காசில நல்ல தகடும் உப்புப் போடுற மிசினும் எடுக்கலாம். மாமாட்டக் காட்டினன். கீழ்ப்பக்கப் படத்த கன நேரம் பாத்தார், அங்கங்க மேலால துரு, பெயின்ட் அடிக்கல்ல. "இது உண்மையச் சொல்ற இரும்பு, ஆனா தட்டித்தான் பாக்கணும்" எண்டார்.

வெளிக்கிடுற அண்டைக்கு அம்மா எள்ளுருண்டையும் இறால் கருவாடும் கட்டித் தந்தா, மாமா அந்தச் சின்னச் சுத்தியல சீலையில சுத்திக் கொண்டு வந்தார், பிடி அவர்ட கை பட்டு மினுங்கிப் போனது. கையில கொண்டு போகேலா, சூட்கேசுக்க வை எண்டார். சனிக்கிழமை காலம பத்து மணிக்கு ஓஷவாவில ட்ரக் பாக்கப் போறன், ஊருல அப்ப ராவு ஏழரை. இஞ்சின ஆரும் தொட முதல் வரச் சொல்லு, பொனட்டுல கைய வச்சுப் பாத்திட்டுத்தான் சாவிய வாங்கணும், கீழ படுக்கக்குள்ள வீடியோ கோல் எடு, தட்டுற சத்தம் எனக்குக் கேக்கணும், நான் போனுக்குப் பக்கத்திலதான் இரிப்பன் எண்டு மாமா ரெண்டு தரம் சொல்லி விட்டிருக்கார்.